பதிவேட்டில் இல்லாதவர்களைத் தேடும் படிப்பு: கிராமப்புறப் பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம்

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பதிவேட்டில் அங்கே வந்தவர்களின் பெயர்கள் இருக்கும். ஆற்றைக் கடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர், ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் வலியைப் பொறுத்துக்கொண்டவர், வீட்டில் சொல்லவே தயங்கியவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்காது. அந்தப் பதிவேட்டை மட்டும் பார்த்து 'இந்தப் பகுதியில் இந்த நோய் குறைவு' என்று சொன்னால், வரமுடிந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். நோய் விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே உள்ள தொகுதியை, அதாவது நோயாளிகளின் எண்ணிக்கையை, மருத்துவமனை தரும்; கீழே உள்ள பகுதியை, அதாவது மொத்த மக்களின் எண்ணிக்கையை, கிராமத்துக்குப் போய்த்தான் எண்ண வேண்டும். கிராமப்புறத்தை மையமாகக் கொண்ட பொது சுகாதார முதுகலைப் படிப்பு கற்றுத்தர வேண்டிய முதல் திறன் இதுதான். பாடத்திட்டத்தின் மற்ற பகுதிகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

இதற்கு வகுப்பறைகளில் காட்டத்தக்க சான்று ஒன்று உண்டு. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் ஆகியோரின் குழு இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவை 1989-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டது. 55 சதவீதம் பேர் மகளிர்நோய் சார்ந்த தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். பரிசோதனையில் 92 சதவீதம் பேருக்கு ஒரு நோயாவது இருப்பது தெரிந்தது. அதற்கு முன் இதற்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. மருத்துவமனைப் பதிவேட்டின் கண்ணுக்கு எட்டியிருக்கக்கூடியது அந்த 8 சதவீதம்தான். பரிசோதனைக்கு முன்வந்தவர்களும் வராதவர்களும் எந்த வகையில் வேறுபட்டிருக்கலாம் என்ற கேள்வியையும் மாணவர் இங்கேயே கேட்கப் பழக வேண்டும். நல்ல ஆய்வுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கு உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அடித்தளம்: நோய்ப்பரவியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக-நடத்தை அறிவியல். பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு, இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இரண்டாண்டு. மருத்துவர்கள், செவிலியர்கள், பல் மருத்துவர்கள், சமூகப் பணி படித்தவர்கள், புள்ளியியலாளர்கள், கால்நடை மருத்துவர்கள் எனப் பலரும் சேரலாம். கிராமப்புற நோக்கு என்பது இந்த ஐந்தோடு ஆறாவதாக ஒரு பாடத்தைச் சேர்ப்பதால் வந்துவிடாது. ஐந்துமே கிராமத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்த வேறுபாட்டைப் பாடத்துக்குப் பாடம் காட்டும் கல்வி நிறுவனத்தையே தேட வேண்டும்.

இந்த அணுகுமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940-இல் தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியர் தொடங்கிய சுகாதார நிலையம், சிகிச்சையோடு வீட்டுக் கணக்கெடுப்பையும் அன்றாட வேலையாக வைத்துக்கொண்டது. ஒரு சிறு பகுதியை வரையறுத்து, வரைபடம் போட்டு, வீடுவீடாகக் குடும்ப விவரம் சேர்த்து, அதன்பின் எல்லையை விரித்தார்கள். வங்கதேசத்தின் மட்லப் பகுதியில் 1966 முதல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு தொடர்ந்து பதிவாகிவருகின்றன. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, வயிற்றுப்போக்கு பற்றிய எத்தனையோ முடிவுகளை அங்கே உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எத்தனை பேரில் இத்தனை பேர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததே. வேல்ஸின் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவை அதிகமுள்ள இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971-இல் ஒரு விதியாகவே எழுதினார். 1978-இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தை அரசுகளின் பொறுப்பாக்கியது. தேர்வுக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிலும் யார் எண்ணப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்று கேட்டுப் படித்தால் பயன் அதிகம்.

சிறிய எண்கள் செய்யும் பெரிய குழப்பம்

மாணவர்கள் முதலில் தடுமாறும் இடம் புள்ளியியல். பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெரிய மக்கள்தொகையைச் சார்ந்தவை. கிராமத்தில் எண்கள் சிறியவை. ஆயிரம் பேர் வாழும் ஊரில் ஆயிரத்துக்கு 20 என்ற பிறப்பு விகிதத்தில் ஆண்டுக்கு 20 குழந்தைகள் பிறக்கும். அவற்றில் ஒன்று ஒரு வயதுக்குள் இறந்தால் சிசு இறப்பு விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 50. இரண்டு இறந்தால் 100. எதுவும் இறக்காவிட்டால் பூஜ்ஜியம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 0, 100 என்று வந்தால், திட்டம் வெற்றி பெற்றுப் பின் தோற்றுவிட்டதாக அறிக்கை எழுதிவிடுவார்கள். நடந்தது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். 20-இல் 1 என்ற அளவுக்கு 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, போட்டுப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 249 வரை நீளும். அவ்வளவு அகன்ற இடைவெளியை வைத்து ஒரு சுகாதாரப் பணியாளரைப் பாராட்டவும் கூடாது, தண்டிக்கவும் கூடாது.

தீர்வுகள் எளியவை, பொறுமை கேட்பவை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒத்த ஊர்களைத் தொகுத்துப் பார்க்கலாம். விகிதம் சொல்லும்போதெல்லாம் எண்ணிக்கையையும் இடைவெளியையும் உடன் எழுதலாம். இறப்பு அரிதாக இருக்கும் ஊரில் ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியாக விசாரிப்பது விகிதத்தைவிட அதிகம் சொல்லும். வாய்மொழி இறப்பாய்வு, அதாவது இறந்தவரின் குடும்பத்தாரிடம் அறிகுறிகளையும் நிகழ்வுகளின் வரிசையையும் ஒழுங்கான வினாப்பட்டியல் கொண்டு கேட்டு இறப்புக் காரணத்தை ஊகிக்கும் முறை, இதற்காகவே கற்றுத்தரப்படுகிறது. அந்தக் குடும்பம் துக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து வினாப்பட்டியலை வாசிப்பவருக்கு நல்ல விடை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மாதிரி எடுத்தல்: தவறுகள் மண்டிய இடம்

ஆய்வேடு எழுதும் மாணவர்களில் பலரும் 384 என்ற எண்ணோடு வருவார்கள். பரவல் 50 சதவீதம், பிழை எல்லை 5 சதவீதப் புள்ளி, நம்பக அளவு 95 சதவீதம் என்று வைத்தால் வரும் மாதிரி அளவு அது: 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுப்பது. ஆனால் அது எல்லாரையும் ஒரே பட்டியலிலிருந்து குலுக்கி எடுப்பதற்கான எண். கிராமப்புறத்தில் அப்படி ஒரு பட்டியல் அரிது, இருந்தாலும் ஒருவருக்காக ஓர் ஊர் வரை போக முடியாது. எனவே முதலில் ஊர்களை, பிறகு ஊருக்குள் வீடுகளை எடுக்கும் கொத்து மாதிரி முறைக்குப் போகிறோம். ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே கிணறு, ஒரே செவிலியர், ஒரே சாலை என்று பகிர்வதால் அவர்களின் விடைகளும் ஒத்திருக்கும். பத்து வீட்டில் கேட்டாலும் பத்து புதிய தகவல் கிடைக்காது. அந்த இழப்பை ஈடுகட்டும் பெருக்கலே வடிவமைப்பு விளைவு.

வழக்கமாக அதை 2 என்று வைத்துவிடுவார்கள். 384 இரட்டித்து 768. 10 சதவீதம் பேர் கிடைக்காமல் போகலாம் என்று 0.9-ஆல் வகுத்தால் 854. 30 கொத்துகளுக்குப் பகிர்ந்தால் கொத்துக்கு 29 வீடு, மொத்தம் 870. கணக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. சிக்கல், அந்த 2 எங்கிருந்து வந்தது என்பதில். ஒரு கொத்தில் எடுக்கும் வீடுகளின் எண்ணிக்கையிலிருந்து 1 கழித்து, கொத்துக்குள் இருக்கும் ஒட்டுறவுக் கெழுவால் (ஒரே ஊர் விடைகள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண்) பெருக்கி, 1 கூட்டினால் வடிவமைப்பு விளைவு வரும். கெழு 0.05 என்றால், 28 பெருக்கல் 0.05, கூட்டல் 1: விளைவு 2.4. குடிநீர் ஆதாரம் போல ஊர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் விஷயத்தில் கெழு 0.3 இருந்தால் விளைவு 9.4. அப்போது 870 வீடுகளின் உழைப்பு, குலுக்கல் முறையில் எடுத்த ஏறக்குறைய 93 வீடுகளின் மதிப்பைத்தான் தரும். ஊர்களைக் கூட்டி, ஊருக்கு எடுக்கும் வீடுகளைக் குறைப்பதே சரியான வழி. பயணச் செலவு கூடும் என்பதால் மாணவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கான விலையை முடிவுகள் கொடுக்கின்றன.

ஊர்களைத் தேர்வது மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் நடக்கும். எல்லா ஊர்களையும் மக்கள்தொகையோடு பட்டியலிட்டு, அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 60,000 என்றால், 30 கொத்துகளுக்கு இடைவெளி 2,000. 1 முதல் 2,000-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். அது 740 என்றால் 740, 2,740, 4,740 என்று அந்த எண்கள் விழும் ஊர்களெல்லாம் தேர்வாகும். பெரிய ஊர் இரண்டு முறை விழுந்தால் அங்கே இரண்டு கொத்து. இதுவரை பிழை வராது. பிழை வருவது பட்டியலில். பழைய மக்கள்தொகைக் கணக்கு, தாய்க் கிராமத்தோடு சேர்த்து எழுதப்பட்ட குக்கிராமங்கள், செங்கல் சூளையிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் சில மாதங்கள் மட்டும் தங்கும் தொழிலாளர்கள், காட்டோரக் குடிசைகள் ஆகியவை பட்டியலுக்குள் வராமலே போய்விடும். நோய் அதிகம் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். களத்துக்குப் போகும் முன் பட்டியலை உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களோடும் பள்ளி ஆசிரியர்களோடும் உட்கார்ந்து ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

ஊருக்குள் போன பிறகு நடுத் தெருவில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் நடக்கும் பழைய முறை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் ஊர் நடுவிலுள்ள வீடுகள் தேர்வாகும் வாய்ப்பு அதிகம். விளிம்பில் இருப்பவர்கள் மறுபடியும் விடுபடுவார்கள். அதைவிட நல்லது, ஊரைக் கையால் வரைந்து, ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வீடுகள் உள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டைக் குலுக்கி எடுத்து, அதிலுள்ள வீடுகள் அனைத்தையும் பட்டியலிட்டு, அதிலிருந்து வீடுகளைத் தேர்வது. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுப்பதைத் தடைசெய்ய வேண்டும். பகலில் பூட்டியிருப்பது கூலி வேலைக்குப் போனவர்களின் வீடு. அதற்கு ஈடாகத் திறந்திருக்கும் வீட்டை எடுத்தால் முதியவர்களும் வசதியுள்ளவர்களும் மாதிரியை நிரப்பிவிடுவார்கள். வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை திரும்பிப் போவதற்கு அட்டவணையில் இடம் இருக்க வேண்டும்.

அளவெடுப்பது

உபகரணத்தைக் கையில் கொடுத்த உடனே அளவு சரியாக வந்துவிடும் என்ற நம்பிக்கை பல ஆய்வுகளைக் கெடுத்திருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். நிற்க வைக்க வேண்டிய குழந்தையைப் படுக்க வைத்து அளந்திருந்தால் 0.7 சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். மேல்கைச் சுற்றளவில் 115 மில்லிமீட்டருக்குக் கீழ் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, 115 முதல் 125-க்குள் மிதமானது. நாடாவைச் சற்று இறுக்கினாலே ஒரு குழந்தை வகை மாறிவிடும். அதனால் களத்துக்கு முன் தரப்படுத்தல் பயிற்சி வேண்டும்: அளவெடுப்பவர் ஒவ்வொருவரும் பத்துக் குழந்தைகளை இரண்டு முறை, முதல் அளவைப் பார்க்காமல் அளந்து, தமக்குள்ளும் பயிற்றுநரோடும் எவ்வளவு வேறுபாடு என்று பார்ப்பது. இரத்த அழுத்த எண்கள் எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்ஜியத்தில் முடிந்தால், அளந்தவர் வட்டமாக்கியிருக்கிறார் என்று பொருள்.

வயதும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாதவர்கள் 40, 45, 50 என்று சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க விப்பிள் குறியீடு இருக்கிறது: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில், 0 அல்லது 5-இல் முடியும் வயதினரின் எண்ணிக்கையை 5-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 100 வந்தால் குவிப்பு இல்லை. 500 வந்தால் எல்லாருமே வட்ட எண் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வந்த ஆண்டு, பாலம் கட்டிய ஆண்டு, பஞ்ச காலம் என்று உள்ளூர் நிகழ்வுகளின் நாட்காட்டி ஒன்றை முதலில் தயாரித்துக்கொண்டால் இந்தக் குவிப்பு பெரிதும் குறையும்.

குடிநீரில் அளவெடுக்கும் இடமே விடையை மாற்றும். குழாயில் கிருமி இல்லாத நீர், வீட்டுக் குடத்தில் கை பட்டு மாசடைந்திருக்கலாம். மாதிரியை இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். நீர் வந்துசேரும் இடத்தில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எளிய சோதனைக்கு வண்ண ஒப்பீட்டுப் பெட்டி போதும்.

எப்போது போகிறோம் என்பதும் ஒரு சார்புதான்

கல்வியாண்டு அட்டவணைப்படி மாணவர்கள் சாலை காய்ந்திருக்கும் மாதங்களில் களத்துக்குப் போகிறார்கள். வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பசியும் உச்சத்தில் இருப்பது மழைக்காலத்தில். பிரசவத்துக்குப் புறப்பட்ட வண்டி சேற்றில் நிற்பதும் அப்போதுதான். கிராமத்துக்கு வந்துபோகும் வல்லுநர்கள் தார்ச்சாலை ஓரத்தையும் வறண்ட பருவத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள் என்று கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் விரிவாக எழுதினார். ஓராண்டு படிப்பில் இரண்டு பருவங்களில் களப்பணி சாத்தியமில்லை என்றால், மழைக்கால மாதங்களின் பதிவேட்டையாவது எடுத்து ஒப்பிட வேண்டும். இல்லையேல் ஆய்வேட்டில் அந்த வரம்பை வெளிப்படையாக எழுத வேண்டும்.

தூரத்தையும் கிலோமீட்டரில் அளந்து திருப்தி அடைய முடியாது. தாய் இறப்பை விளக்க ஆய்வாளர்கள் செரின் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகியோர் 1994-இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: சிகிச்சைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். ஆம்புலன்ஸ் வாங்கினால் இரண்டாவது தாமதம் குறையலாம். வீட்டில் முடிவெடுப்பவர் ஊரில் இல்லை என்பதையோ, மருத்துவமனையில் இரத்தம் இல்லை என்பதையோ அது தொடாது. எந்தத் தாமதம் எங்கே அதிகம் என்று அளக்காமல் திட்டம் தீட்டினால் பணம் தவறான இடத்துக்குப் போகும்.

ஆட்கள் பற்றாக்குறைக்கும் இதே ஒழுங்கு தேவை. மருத்துவர்களைக் கட்டாயப் பணிக்கு அனுப்புவது மட்டும் போதாது என்பதை உணர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள் கல்வி, விதிமுறை, ஊக்கத்தொகை, தனிப்பட்ட-தொழில் ஆதரவு ஆகியவற்றைச் சேர்த்தே பேசுகின்றன. கிராமப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களைச் சேர்ப்பது அவற்றில் முக்கியமான பரிந்துரை. மருத்துவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் என்ன சாதிக்க முடியும் என்பதைக் கட்சிரோலிக் குழுவே 1999-இல் காட்டியது: 39 கிராமங்களில் வீட்டிலேயே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு தரப்பட்டபோது, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, அந்தப் பராமரிப்பு தரப்படாத ஒப்பீட்டுக் கிராமங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், 62 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் கிராமங்கள் 47. அவை இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இருந்திருக்காது.

நெறிமுறையும் ஆய்வேட்டுக் காலக்கணக்கும்

ஊர்த் தலைவர் அனுமதித்துவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகாது. அவருடைய அனுமதி ஊருக்குள் நுழைய. ஒப்புதல் ஒவ்வொருவரிடமும் தனியாக. தலைவர் உடன் வந்து நின்றால் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. சிறிய ஊரில் பெயரை நீக்குவதால் மட்டும் அடையாளம் மறையாது. ஊர்ப் பெயர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். அளக்கும்போது 115 மில்லிமீட்டருக்குக் கீழ் உள்ள குழந்தை கிடைத்தால் என்ன செய்வது, எந்த மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது என்பது நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. குழு உரையாடலில் ஆறு முதல் பத்துப் பேர் போதும். ஆனால் மாமியாரையும் மருமகளையும், கூலி கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் ஒரு தரப்பின் குரல் மட்டுமே பதிவாகும்.

நேரத்தைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 870 வீடுகள், வீட்டுக்கு 40 நிமிடம், நடை சேர்த்து ஒருவர் நாளுக்கு ஐந்து அல்லது ஆறு வீடு. நான்கு பேர் சேர்ந்தால் நாளுக்கு ஏறக்குறைய 22. முழுதாக நாற்பது நாட்கள், திரும்பப் போகும் வீடுகளும் மழை நாட்களும் தனி. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஒப்புதல் வருமுன் சேர்த்த தரவைப் பயன்படுத்த முடியாது. ஆறு மாதத்தில் ஆய்வேடு முடிய வேண்டும் என்றால், கேள்வி முதல் பருவத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். அது முடியாதவர்கள், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு போன்ற ஏற்கெனவே சேர்க்கப்பட்ட தரவை எடுத்துக்கொள்ளலாம். அதில் இழிவு எதுவும் இல்லை. மோசமாகச் சேர்த்த சொந்தத் தரவைவிட நன்றாகச் சேர்த்த பிறர் தரவு மேல். ஆனால் பகுப்பாய்வில் மாதிரி எடைகளையும் (ஒவ்வொரு விடையும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்கள்) கொத்து அமைப்பையும் சேர்க்க மறந்தால் அதுவும் வீண்.

எங்கே சேர்வது என்று கேட்பவர்களுக்கு

கல்லூரியின் பெயரைவிட, சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகள் அதிகம் சொல்லும். நிறுவனத்துக்கு எனத் தொடர்ந்து கணக்கெடுக்கப்படும் களப் பகுதி இருக்கிறதா, அதன் வீட்டுப் பட்டியல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? களப்பணி எத்தனை வாரம், மாணவர் அங்கேயே தங்குவாரா, காலையில் போய் மாலையில் திரும்பும் பேருந்துப் பயணமா? களத்தில் வழிகாட்டுபவர் அங்கே வேலை செய்பவரா? புள்ளியியலைச் சுத்தமான எடுத்துக்காட்டுத் தரவில் கற்பிக்கிறார்களா, விடுபட்ட விடைகளும் தவறான வயதுகளும் உள்ள உண்மையான தரவிலா? இணையவழிப் படிப்பு என்றால் களப்பணிக்கு யார் பொறுப்பு? கடந்த சில ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எல்லாமே மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்த வினாப்பட்டியல்களாக இருந்தால், அந்தப் படிப்பில் கிராமம் பெயரளவில் மட்டுமே இருக்கிறது. முடிவுகளைக் கிராமத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லும் வழக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு பக்கம், உள்ளூர் மொழி, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம், மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் முன் ஊர்க் கூட்டத்தில். அப்போது 'இந்தப் பக்கத்து வீடுகளை நீங்கள் எடுக்கவே இல்லையே' என்று எழும் கேள்விக்கு, பட்டியலைத் திறந்து பதில் சொல்ல மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.